ஆலயக் கண்காணிப்புக் கேமராவும் காட்சியை அனுப்பும் முறைகளும்

(ஆலய நிர்வாகப் பொறுப்பாளர்களும் தொண்டர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆலயங்களிற் பல, தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைத்த முன்னோர், தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசினால் எழுந்தவை. அந்தக் காசு உண்டியலாகவும், திருவாபரணமாகவும், வெள்ளிக் கவசமாகவும், பஞ்சலோக உற்சவ மூர்த்தியாகவும் இன்று ஆலயங்களில் விளங்குகின்றது. இவற்றைக் காப்பது நிர்வாக சபையின் தலையாய கடமையாகும். அது வெறும் பொருட்காவல் அன்று. கொடுத்தவர்களின் நம்பிக்கையைக் காக்கும் காவலும் ஆகும்.

முற்காலத்தில் இரும்புக் கதவும், பெரிய பூட்டும், இரவு ஜாகாவும் போதுமென்று கருதப்பட்டன. இன்றோ பெரும்பாலான ஆலயங்களில் மறைகாணி எனப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போது, "எத்தனை கேமரா? என்ன விலை?" என்னும் இரண்டு கேள்விகளே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. "கேமரா கண்ட காட்சி எந்த முறையில், எந்த வழியாக, எவரிடம் போய்ச் சேருகின்றது?" என்னும் மூன்றாவது கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆனால் ஓர் அசம்பாவிதம் நேர்ந்த மறுநாள் காலையில், அந்தக் கேமரா பயன்பட்டதா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றாவது கேள்வியேயாகும். அதுவே இவ்வுரையின் பொருள்.

கண்ணும் வழியும்

பழைய முறையில், கேமராவிலிருந்து தடித்த கம்பி ஒன்று நேரே தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செல்லும். கம்பி சென்ற இடத்தில் மட்டுமே காட்சி தெரியும். கணினி வலையமைப்பில் நேரே இணையும் கேமராவை 1996ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கேமரா சிறிய படமாயின் விநாடிக்கு ஒன்றும், பெரிய படமாயின் 17 விநாடிக்கு ஒன்றும் மட்டுமே அனுப்ப வல்லதாயிருந்தது. இன்றைய சாதாரணக் கேமரா, 1920க்கு 1080 என்ற கணக்கில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கொண்ட படத்தை விநாடிக்கு 25 முறை அனுப்புகின்றது.

இந்தக் காட்சியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு 600 மெகாபிட்டுக்கும் மேலாகும். ஆலயத்தின் வலையமைப்பும் பதிவுப் பெட்டியும் அதனைத் தாங்கமாட்டா. ஆகவே கேமரா முதலில் காட்சியைச் சுருக்கிக் கட்டுகின்றது. பின்னர் கட்டியதை ஏதேனும் ஒரு வழியில் அனுப்புகின்றது. மூட்டை கட்டும் முறை ஒன்று. மூட்டையைச் சுமந்து செல்லும் முறை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், விற்பனையாளர் கூறும் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

சுருக்கிக் கட்டும் முறைகள்

முதலாவது, மோஷன் ஜேபெக் என்னும் பழைய முறை. இதில் ஒவ்வொரு படமும் தனித்தனி முழுப்படமாகும். ஒரு படம் 200 கிலோபைட் என்று கொண்டால், விநாடிக்கு 25 படங்களுக்கு 40 மெகாபிட் வேண்டும். ஒரு படம் கெட்டாலும் அடுத்த படம் பாதிக்கப்படாது என்பது இதன் சிறப்பு; இடத்தை விழுங்கிவிடும் என்பது இதன் குறை.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டில் தரமாக ஏற்கப்பட்ட எச்.264 என்னும் முறை. இதனை விளங்கிக்கொள்ள ஆலய வாசலில் இடப்படும் கோலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒருமுறை முழுக்கோலம் இட்டபின், எந்த இடத்தில் மாவு கலைந்ததோ அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும். அதுபோலவே, இந்த முறையில் முதலில் ஒரு முழுப்படம் அனுப்பப்படுகின்றது. அதன்பின் மாறிய பகுதிகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. நள்ளிரவில் ஆளரவமற்ற மண்டபத்தில் மாற்றம் ஏதும் இல்லையாதலால் செலவாகும் அளவும் மிகக் குறைவு. மோஷன் ஜேபெக்கில் 40 மெகாபிட் கேட்ட அதே காட்சி இதில் ஏறத்தாழ 4 மெகாபிட்டில் அடங்கிவிடும்.

மூன்றாவது, 2013ஆம் ஆண்டில் வந்த எச்.265. அதே தரத்திற்கு ஏறக்குறையப் பாதி அளவே போதும் என்பது இதன் பெருமை. ஆயினும், எல்லாக் கைப்பேசிகளும் எல்லா இணைய உலாவிகளும் இதனை ஒரே சீராக விரித்துக் காட்டுவதில்லை. ஆதலால் ஆலயத்தினுள் பதிவு செய்வதற்கு எச்.265 ஏற்றது, வெளியிலுள்ள அன்பர்களுக்கு ஒளிபரப்புவதற்கு எச்.264 பாதுகாப்பானது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முழுப்படம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகின்றது என்பதைக் கேமராவில் அமைக்கலாம். இடைவெளியை நீட்டினால் இடம் மிச்சமாகும். ஆனால் முழுப்படம் வழியில் சிதைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை உருவங்கள் கரைந்த மாக்கோலம்போல் குழம்பித் தோன்றும். விநாடிக்கு 25 படங்கள் எனில் 50 படங்களுக்கு ஒரு முழுப்படம், அதாவது இரண்டு விநாடிக்கு ஒன்று என அமைப்பது நடுநிலையானது. சில கேமராக்களில் இடத்தை மேலும் மிச்சப்படுத்தும் சிறப்பு அமைப்பு ஒன்று உண்டு. அது முழுப்படங்களின் இடைவெளியை மிக நீட்டிவிடும். உண்டியலை நோக்கும் கேமராவில் அதனை நிறுத்தி வைப்பதே நன்று.

சுமந்து செல்லும் முறைகள்

கண்காணிப்புக் கேமராக்களில் பெரிதும் வழங்குவது ஆர்.டி.எஸ்.பி. என்னும் முறையாகும். 1998ஆம் ஆண்டில் இது இணையத் தரமாக வெளியிடப்பட்டது. தேரோட்டத்தில் முன்னின்று "புறப்படுக, நில்லுக" என்று கொடியசைப்பவர் ஒருவர். அசைந்து செல்வது தேர். அவ்வாறே ஆர்.டி.எஸ்.பி. கட்டளையிடுகின்றது, ஆர்.டி.பி. என்னும் மற்றொரு முறை காட்சியைச் சுமந்து செல்கின்றது. இந்தத் தேர் இரண்டு பாதைகளில் செல்லலாம். அவை யு.டி.பி., டி.சி.பி. எனப்படும்.

கும்பாபிஷேக நாளில் அன்பர்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடங்களைக் கைமாற்றிக் கொடுப்பதுண்டு. ஒரு குடம் தவறி விழுந்தால், "போகட்டும், அடுத்ததைக் கொடு" என்று வரிசை நிற்காமல் தொடர்வது யு.டி.பி. வழியாகும். "விழுந்த குடத்தை நிரப்பிக் கொண்டுவந்த பிறகே அடுத்தது" என்று நிற்பது டி.சி.பி. வழியாகும். முன்னதில் வேகம் உண்டு, இழப்பும் உண்டு. பின்னதில் இழப்பு இல்லை, சற்றுத் தாமதம் உண்டு. சீரான கம்பி இணைப்பில் இரண்டும் நன்றே இயங்கும். வைஃபை வழியாகவோ நெரிசலான இணைப்பு வழியாகவோ வரும் கேமராவுக்கு யு.டி.பி. வைத்தால் படம் அடிக்கடி சிதையும். பதிவுப் பெட்டிக்குச் செல்லும் காட்சி பிற்காலத்தில் சாட்சியாக நிற்க வேண்டியது. ஒரு விநாடி தாமதித்தாலும் முழுமையாக வந்து சேர வேண்டும். ஆகவே பதிவுக்கு டி.சி.பி. வழியைத் தேர்வதே முறையாகும்.

மூன்றாவதாக மல்டிகாஸ்ட் என்று ஒன்றுண்டு. ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே செய்தி சொல்வதற்கும், ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவிப்பதற்கும் உள்ள வேறுபாடே இதுவாகும். பல அறைகளிலிருந்து பலர் ஒரே கேமராவைப் பார்க்க வேண்டிய பெரிய வளாகங்களுக்கு இது ஏற்றது. அதற்குரிய இணைப்புக் கருவிகளை முறையாக அமைக்காவிடில், ஒலிபெருக்கியின் ஓசை தேவையற்ற அறைகளுக்கும் பரவுவதுபோல வலையமைப்பு முழுவதும் நெரிசல் உண்டாகும். எட்டுப் பத்துக் கேமராக்கள் கொண்ட ஆலயத்திற்கு இது வேண்டுவதில்லை. பதிவுப் பெட்டி ஒருமுறை கேமராவிடமிருந்து காட்சியைப் பெற்று, பார்ப்பவர்களுக்கு அதுவே பகிர்ந்தளிப்பது எளிது.

இணையத்தின் வழியே பொதுமக்களுக்கு அனுப்பும் முறைகள் வேறு. ஆர்.டி.எம்.பி. என்பது ஆலயத்திலிருந்து யூடியூப் போன்ற ஒளிபரப்புத் தளங்களுக்குக் காட்சியை ஏற்றிவிட இன்றும் பயன்படுவது. 2009ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். என்பது, தளத்திலிருந்து அன்பர்களின் கைப்பேசிக்குக் காட்சியைச் சிறு சிறு துண்டுகளாக வழங்குவது. ஒரு துண்டு ஆறு விநாடி எனவும், மூன்று துண்டுகள் சேர்ந்த பின்னரே காட்சி தொடங்கும் எனவும் கொண்டால், பார்ப்பவர் 18 விநாடிக்கு முன் நடந்ததையே காண்கின்றார். வெப் ஆர்.டி.சி. என்னும் புதிய முறை 2021ஆம் ஆண்டில் தரமாக அறிவிக்கப்பட்டது. இணைய உலாவியிலேயே ஒரு விநாடிக்கும் குறைந்த தாமதத்தில் காட்சியைத் தர வல்லது அது.

மூன்று தேவை, மூன்று வழி

இத்தனை முறைகளுள் எது சிறந்தது என்று கேட்டால், அக்கேள்வியே முழுமையற்றது. எந்தத் தேவைக்கு என்று முதலில் கேட்க வேண்டும். ஆலயத்திற்குள்ள தேவைகள் மூன்று. பிற்காலச் சாட்சிக்காகப் பதிவு செய்தல் ஒன்று. காவலர் அந்த நேரத்தில் கண்காணித்தல் மற்றொன்று. தொலைவிலுள்ள அன்பர்கள் பூசையைத் தரிசித்தல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே வழியில் நிறைவேற்ற முயல்வதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமாகும்.

பெரும்பாலான வலையமைப்புக் கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்களையேனும் தர வல்லவை. மெயின் ஸ்ட்ரீம் எனப்படும் பிரதான ஓட்டம் முழுத் தெளிவுடையது. சப் ஸ்ட்ரீம் எனப்படும் துணை ஓட்டம் சிறிய படமுடையது. பதிவுக்குப் பிரதான ஓட்டம். காவலரின் திரையில் எட்டுக் கட்டங்களாகத் தெரியும் நேரடிக் காட்சிக்குத் துணை ஓட்டம். இதுவே அடிப்படை விதி.

இந்த விதி மீறப்படுவது எவ்வாறு என்பதைப் பார்க்கலாம். கேமரா பொருத்திய அன்று பொறுப்பாளரின் கைப்பேசியில் காட்சி அழகாகத் தெரிகின்றது, அனைவரும் மகிழ்கின்றனர். கைப்பேசியில் தெரிவது துணை ஓட்டம். பதிவுப் பெட்டியில் இடம் போதவில்லை என்பதற்காகப் பதிவும் துணை ஓட்டத்திலேயே அமைக்கப்பட்டிருந்தால், அதனை எவரும் அன்று உணரமாட்டார். உண்டியலின் பூட்டு உடைக்கப்பட்ட மறுநாள் பதிவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில சதுரங்கள் மட்டுமே இருப்பது தெரியவரும்.

இதற்குக் கணக்கு உண்டு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான அனைத்துலகத் தரத்தின்படி, முன்பின் அறியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 புள்ளிகள் வேண்டும். ஏற்கெனவே அறிந்தவரைக் கண்டுகொள்ள 125 புள்ளிகள் வேண்டும். பிரதான ஓட்டத்தில் 1920 புள்ளிகள் உண்டு. ஆகவே ஏழரை மீட்டர் அகலமுள்ள இடத்தை அது அடையாளம் காணும் அளவுக்குக் காட்டும். துணை ஓட்டத்தில் 640 புள்ளிகள் மட்டுமே எனில், அதே இடத்தில் ஒரு மீட்டருக்கு 85 புள்ளிகள்தாம் கிடைக்கும். யாரோ ஒருவர் வந்தார் என்பது தெரியும். வந்தவர் யார் என்பது தெரியாது.

காவலரின் தேவை வேறு. வாயிலில் ஒருவர் மதிலேறுவதைக் காவலர் காணும்போது அது அந்தக் கணத்துக் காட்சியாக இருக்க வேண்டும். அவருக்கு எச்.எல்.எஸ். முறையில் காட்சியை அளித்தால், அவர் திரையில் காணும் முன்னரே வந்தவர் உள்ளே நுழைந்திருப்பார். ஆகவே காவலருக்கு ஆர்.டி.எஸ்.பி. அல்லது வெப் ஆர்.டி.சி. பொருந்தும். தொலைவிலுள்ள அன்பர்க்கோ, தீபாராதனை 20 விநாடி தாமதித்துத் தெரிந்தாலும் பக்தியில் குறைவொன்றுமில்லை. காட்சி தடைப்படாமல் வருவதே முக்கியம். அவர்க்கு எச்.எல்.எஸ். முற்றிலும் பொருந்தும்.

இடமும் நாளும்

விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் பதியும் காட்சி, ஒரு நாளில் 10.8 கிகாபைட் இடத்தை நிரப்பும். கேமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் என்றால், எட்டுக் கேமராக்களுக்கு 30 நாளில் ஏறத்தாழ 10.4 டெராபைட் வேண்டும். எச்.265 முறையால் அது பாதியாகலாம். துணை ஓட்டத்தை மட்டும் அரை மெகாபிட் வீதம் பதிந்தால் 1.3 டெராபைட்டே போதும். இந்தச் சிக்கனமே சபலத்தை உண்டாக்குகின்றது. சிக்கனம் வேண்டுமாயின் வழிகள் உள்ளன. வாகன நிறுத்துமிடக் கேமராவில் விநாடிக்கு 10 அல்லது 12 படங்கள் போதும். உண்டியல், ஆபரண அறை, பிரதான வாயில் ஆகியவற்றின் தெளிவில் மட்டும் கை வைக்கலாகாது.

ஆலயத்திற்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. சுடர்விடும் தீபங்கள், கற்பூர ஒளி, சாம்பிராணிப் புகை, அசையும் தோரணம் யாவும் கேமராவின் கணக்கில் இடைவிடாத மாற்றங்களே. ஆகவே அமைதியான அலுவலக அறைக்குப் போதுமான அளவு, பூசை வேளையில் மண்டபத்திற்குப் போதாது. தரவளவைத் தேவைக்கேற்ப ஏறவிட்டு, மேல்வரம்பு ஒன்றை மட்டும் விதிக்கும் முறையே இங்குப் பொருந்தும். அசைவு உண்டானால் மட்டும் பதிக என்று அமைத்தால், தீபச் சுடரே அசைவாகக் கணக்கிடப்பட்டு எந்நேரமும் பதிவு நடக்கும். உணர்திறனைக் குறைத்தாலோ உண்மையான அசைவு தவறிப்போகும். முக்கியமான இடங்களில் இடையறாப் பதிவே நம்பகமானது. மேலும், இவ்விரு நாடுகளிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், கேமராவையும் அதற்கேற்ப 25 படங்கள் என்று அமைத்தால் குழல் விளக்கொளியில் படம் மினுங்குவது குறையும்.

காட்சியை முழுவதும் இணையத்திலுள்ள சேமிப்பகத்திற்கே அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எட்டுக் கேமராக்களின் பிரதான ஓட்டத்திற்கு 32 மெகாபிட் அளவு இரவும் பகலும் மேலேறிக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்த வேளையில் காட்சியும் இல்லாமற் போகும். ஆகவே முதற்பதிவு ஆலயத்தினுள்ளேயே, பூட்டிய அறையில் இருக்க வேண்டும். கேமராவினுள் ஒரு நினைவக அட்டையும் இருந்தால், பதிவுப் பெட்டியையே திருடிச் சென்றாலும் சாட்சி எஞ்சும்.

திருவிழா நாள்

தைப்பூசம், மகா சிவராத்திரி, பிரம்மோற்சவம் போன்ற நாள்களில் ஆயிரக்கணக்கான அன்பர்கள் கைப்பேசியுடன் கூடுகின்றனர். வைஃபை அலைவரிசையும் கைப்பேசி வலையமைப்பும் நெரிசலில் திணறும். கண்காணிப்பு மிக அவசியமான அந்த நாளில்தான் கம்பியில்லா இணைப்பிலுள்ள கேமரா காலை வாரிவிடும். ஆதலால் நிலையான கேமராக்கள் அனைத்தும் கம்பி இணைப்பில் இருத்தல் வேண்டும். ஊர்வல நாளுக்கெனத் தற்காலிகமாக வைக்கும் கேமராவில் நினைவக அட்டையில் பதிவு நடக்கட்டும். அனுப்பும் காட்சி தெளிவு குறைந்ததாக இருக்கலாம்.

பூட்டில்லாத சாளரம்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அமெரிக்காவில் பல புகழ்பெற்ற இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. அதற்குக் காரணமாயிருந்தது மிராய் என்னும் தீநிரல். அது உலகெங்கும் பரவிக் கைப்பற்றிய கருவிகளில் கண்காணிப்புக் கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் பெருந்தொகையாக இருந்தன. அது கையாண்ட தந்திரம் மிக எளியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர் மாற்றவில்லை என்ற நம்பிக்கையில், அத்தகைய சுமார் 60 கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததுதான். காவலுக்கு வைத்த கருவியே பிறர் கையில் ஆயுதமாயிற்று.

இதிலிருந்து ஆலயம் கற்க வேண்டியவை சில. கேமரா ஒவ்வொன்றின் கடவுச்சொல்லையும் பொருத்திய அன்றே மாற்ற வேண்டும். ஆர்.டி.எஸ்.பி. பெரும்பாலும் 554 என்னும் எண்ணுள்ள வாயிலில் இயங்குகின்றது. அந்த வாயிலை ஆலயத்தின் திசைவியில் இணையத்தை நோக்கித் திறந்து வைக்கலாகாது. சாதாரண ஆர்.டி.எஸ்.பி. முறையில் காட்சி மறையாக்கம் செய்யப்படாமலே செல்கின்றது என்பதையும் மறக்கலாகாது. பொறுப்பாளர் வீட்டிலிருந்து பார்க்க விரும்பினால், வி.பி.என். எனப்படும் மறைவழி ஒன்றை அமைத்து அதன்வழியே பார்க்கலாம். அர்ச்சனைச் சீட்டு விற்கும் கணினியும், அன்பர்களுக்கான இலவச வைஃபையும், கேமராக்களும் ஒரே வலையமைப்பில் இருத்தல் கூடாது. பொறுப்பாளர் மாறும் ஒவ்வோர் ஆண்டும் சாவிக்கொத்தைக் கைமாற்றுவதுபோலக் கடவுச்சொற்களையும் மாற்றுவது நற்பழக்கம்.

அன்பர்களின் அந்தரங்கம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும், ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரில் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டமும் நடப்புக்கு வந்தபோது, அன்பர்கள் ஆலயம் செல்ல இயலாமற் போயிற்று. அக்காலத்தில் பூசைகளை இணையத்தில் ஒளிபரப்பிய ஆலயங்கள், வீட்டிலிருந்த முதியவர்களுக்குச் செய்த உதவி சொல்லில் அடங்காது. அந்த நற்பழக்கம் இன்றும் பல ஆலயங்களில் தொடர்கின்றது.

ஆனால், கண்காணிப்புக்கு வைத்த கேமராவையே ஒளிபரப்புக்கும் பயன்படுத்துவது தவறு. கண்காணிப்புக் கேமரா அழுதுகொண்டு நிற்கும் தாயையும், கடன் தொல்லையால் கண்மூடி நிற்கும் தந்தையையும், உண்டியல் எண்ணும் தொண்டர்களையும், ஆபரணங்கள் வைக்கும் இடத்தையும் காண்கின்றது. அவை உலகம் காண்பதற்குரியவை அல்ல. சந்நிதியில் ஒருவர் நிற்பது இறைவனுக்கும் அவருக்கும் இடையிலான காரியம். ஆகவே ஒளிபரப்புக்குத் தனிக் கேமரா வேண்டும்; அது திருவுருவத்தை மட்டும் நோக்க வேண்டும். மூலவரைப் படம் பிடிக்கலாமா, எந்த வேளையில் திரை போட வேண்டும் என்பவற்றை அவ்வாலய மரபுப்படி சிவாச்சாரியாரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கேமராவின் காட்சியை ஆலயத்திலுள்ள சிறு கணினி ஒன்று ஆர்.டி.எஸ்.பி. முறையில் பெற்று, ஆர்.டி.எம்.பி. முறையில் ஒளிபரப்புத் தளத்திற்கு ஏற்றிவிடும். வெளியுலகு கேமராவைத் தொடுவதில்லை. கணினிதான் வெளியே நீட்டுகின்றது.

ஒலியும் கருதத்தக்கது. பல கேமராக்களில் ஒலிவாங்கி உண்டு. கண்காணிப்புக் கேமராவில் அதனை நிறுத்தி வைப்பது நன்று. பேசுவோரின் அந்தரங்கத்தைப் பதிவு செய்யும் தேவை ஆலயத்திற்கு இல்லை. ஒளிபரப்புக்கு நாதஸ்வரமும் தவிலும் வேதமும் ஒலிபெருக்கி அமைப்பிலிருந்து நேரே செல்லலாம். சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மையான விதிகள் 2014ஆம் ஆண்டு ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. கேமரா இயங்குவதை அறிவிக்கும் பலகையை வருவோர் காணும் இடத்தில் வைப்பது அங்கே வழக்கம். சட்டம் கேட்பினும் கேட்காவிடினும், அன்பர்களுக்கு அறிவித்துவிட்டுக் கண்காணிப்பதே அறமாகும்.

தீர்மானத்தில் இடம்பெற வேண்டியவை

புதிய கேமரா வாங்கும் நிர்வாக சபை, விலைப்புள்ளியை ஏற்கும் முன் ஐந்து வினாக்களுக்கு எழுத்து மூலம் விடை பெறுவது நலம்.

ஒன்று: பதிவாவது பிரதான ஓட்டமா, துணை ஓட்டமா? முக்கிய இடங்களில் ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளிகள்?

இரண்டு: பதிவுக்கு டி.சி.பி. வழி அமைக்கப்பட்டுள்ளதா? முழுப்படத்தின் இடைவெளி எவ்வளவு?

மூன்று: 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆன்விஃப் அமைப்பின் பொதுத்தரத்திற்குக் கேமரா உடன்படுகின்றதா? உடன்பட்டால், ஒரு நிறுவனத்தின் கேமராவையும் மற்றொரு நிறுவனத்தின் பதிவுப் பெட்டியையும் பிற்காலத்தில் இணைக்கலாம். ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

நான்கு: எல்லாக் கேமராக்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா? வாயிலில் 2.10 என்றும் உண்டியலருகில் 2.35 என்றும் காட்டும் பதிவு, விசாரணையில் குழப்பத்தையே உண்டாக்கும்.

ஐந்து: கடவுச்சொல் எவரெவரிடம் உள்ளது? பதிவை எவர் அனுமதியின்பேரில் பார்க்கலாம்?

இவற்றோடு மாதம் ஒருமுறை ஒரு சோதனையும் வேண்டும். நேரடிக் காட்சியைப் பார்த்து நிறைவடைதல் ஆகாது. சென்ற வாரத்தின் ஏதேனும் ஓர் இரவைத் தேர்ந்து, பதிவிலிருந்து ஒரு நிமிடக் காட்சியைத் தனியே எடுத்து, முகம் தெரிகின்றதா, நேரம் சரியா என்று இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். காவல்துறையினர் கேட்கும் நாளில், திரையைக் கைப்பேசியால் படம் பிடித்துக் கொடுக்காமல், பதிவின் மூலக்கோப்பையே கொடுக்கும் பயிற்சியும் இதனால் கைவரும்.

அன்பர்களே! கேமரா திருட்டைத் தடுக்கும் தெய்வம் அன்று. நடந்ததை நடந்தபடி சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சி தெளிவாகப் பேச வேண்டுமானால் அதற்குரிய வழியை முன்கூட்டியே அமைக்க வேண்டும். சாட்சிக்கு ஒரு வழி, காவலுக்கு ஒரு வழி, தரிசனத்திற்கு ஒரு வழி என்று மூன்றையும் பிரித்து வைக்கும் ஆலயத்தில் பொருளும் காக்கப்படும், அன்பர்களின் மானமும் காக்கப்படும். தொண்டர்மேல் வீண்பழி விழும் வேளையில் அவர்களைக் காப்பதும் அந்தத் தெளிவான பதிவேயாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் ஆலயப் பணிகள் யாவும் இனிதே சிறக்க வேண்டுமென வேண்டி, இவ்வுரை நிறைவு பெறுகின்றது.